மீன்காரன் வீட்டு விரதம்

மீன் சாப்பிட்டால் என்ன நன்மை என்று கேட்டால் இன்றைக்கும் மூச்சு விடாமல் பேசுவேன். அதுதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலகிரியில் டிரவுட் மீன் பண்ணையில் இருந்தேன். டிரவுட் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி. ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கொஞ்சம் சூடானாலும் செத்து மிதக்கும். ஆனால் நல்ல சத்துள்ள மீன், நல்ல கொழுப்பு, முள்ளும் குறைவு. ராமநாதபுரத்திலிருந்து எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பண்ணையில் கழித்துக் கொடுத்த மீனை மிளகு தடவிப் பொரித்து நடுமுள் மட்டும் மிஞ்சத் தின்பாள். "நம்மூரு கடல் மீனெல்லாம் இதுக்கு முன்னால நிக்காதுங்க" என்பாள்.

அறுபதுகளில் அந்தமானுக்கு டெபுடேஷனில் அனுப்பினார்கள். டிரவுட்டுக்கு அந்தச் சூடு ஆகாது. பாராடாங் தீவில் குடியேறிய வங்காளிகளோ, சுற்றிலும் கடல் கிடக்க, குளத்து மீனுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குளம் வெட்டி ரோகு, கட்லா வளர்க்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. என் அரைகுறை இந்தியில், "மச்லி காவோ, கூன் படேகா" என்று முழங்குவேன். மீன் சாப்பிடுங்கள், இரத்தம் ஊறும். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

என் வீட்டில் ஒருத்தி மீனைத் தொடவில்லை. எங்கள் மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. பிள்ளை பிழைத்தால் ஊர் அய்யனாருக்கு முதல் முடி இறக்குகிறேன், அதுவரை மீன் தின்னமாட்டேன் என்று என் மனைவி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. அய்யனாரோ கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லாண்டில் இருந்தார்; கப்பலும் லீவும் சேர்ந்து அமையவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "போர்ட் பிளேர்ல முருகன் கோயில் இருக்குல்ல, அங்க இறக்கிருவோம்" என்றேன். "ஒரு சாமிகிட்ட கேட்டுட்டு இன்னொரு சாமிகிட்ட போய்க் குடுக்கிறதா? நல்லாருக்குங்க நியாயம்" என்று சிரித்தாள். எங்களுக்கு அவள்தான் மீன் குழம்பு வைப்பாள். உப்புப் பார்க்கக் கரண்டியை என்னிடம் நீட்டுவாள். மகள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனால், "உனக்கு முடி இறக்கினதும் அம்மா திங்கிறேன்டா கண்ணு" என்பாள். இது தினமும் நடந்தது.

மகளுக்கு மூன்று வயது நெருங்கும்போது மனைவி மறுபடி கர்ப்பமானாள். டிஸ்பென்சரி டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூன் பில்குல் நஹி, இரத்தமே இல்ல. ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, வீட்ல சொல்றதில்லையா?" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. முட்டையும் பருப்பும் கப்பல் வந்தால்தான் உண்டு. மீன் மட்டும்தான் தினமும் கிடைத்தது. அவள் மசியவில்லை.

உடனே லீவு போட்டேன். மெட்ராஸ் கப்பலில் இடமும் கிடைத்தது. புறப்பட நாலு நாள் இருக்கும்போது ஆபீஸிலிருந்து தகவல் வந்தது: கல்கத்தாவிலிருந்து மீன் குஞ்சுகள் வருகின்றன. பானைகளில் வரும் குஞ்சுகளுக்குக் காற்றுப் போதாது. ஆள் மாற்றி ஆள் தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளத்தில் விடும்வரை பழகிய ஆள் பக்கத்தில் நிற்காவிட்டால் அத்தனையும் போய்விடும். இரண்டு வருஷமாகக் கேட்டு வாங்கிய குஞ்சுகள். "ஒரு கப்பல் தள்ளிப் போவோமா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். "சரிங்க, அதுகளும் பச்சப்பிள்ளைங்கதானே" என்றாள்.

அடுத்த கப்பல் பழுது என்றார்கள். அதற்கடுத்து மழை பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் ஒன்றும் சாகவில்லை. விரல் அளவு ஆயின, பிறகு உள்ளங்கை அளவு.

எட்டாம் மாதம் அவளுக்கு உதிரப்போக்கு கண்டது. போர்ட் பிளேருக்குப் படகில் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே அவள் கை சில்லிட்டுவிட்டது. குழந்தையும் தங்கவில்லை. இரத்தம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் கூட்டம் போட்டுச் சொன்ன அதே வார்த்தை.

காரியம் முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய மறுநாள் காலை, ஒரு வங்காளி விவசாயி வாசலில் வந்து நின்றார். கையில் நார் கோத்த ரோகு. அவர் குளத்தில் முதல் வலையில் விழுந்தது. "பஹு கே லியே" என்று நீட்டினார். வீட்டுப் பெண்ணுக்காம். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே அழுதார். நானும் அழுதேன்.

அடுத்து வந்த கப்பலில் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அய்யனாருக்கு முடி இறக்கினேன். பிள்ளையின் முடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். இலையில் வறுத்த மீன் வைத்தார்கள். அவள் ஒரு துண்டைப் பிய்த்து, வாயில் போடாமல், இலை ஓரத்தில் தனியாக எடுத்து வைத்தாள்.

"இனிமே அம்மா மீன் திங்கலாம்லப்பா?" என்று கேட்டாள்.