கொஞ்சம் கடுமை

விமான டிக்கெட் விற்பவன் ஊர் ஊராகச் சுற்றுவான் என்று நினைப்பீர்கள். நான் தொண்ணூறுகளில் ஆறு வருஷம் ஆக்லாந்து பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களைச் செத்தவீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். உலகத்தின் கடைக்கோடியில் குடியேறி, போனைப் பிடித்துக்கொண்டு அழுது பழகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எத்தனை மணிக்கு?

ஊரில் சாவு என்று வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" பிணத்தைத்தான். கேட்கவே வாய் கூசும். ஆனால் சிங்கப்பூர் போய், அங்கே காத்திருந்து, அடுத்த விமானத்தைப் பிடிப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். அதுவும் உடனே சீட் கிடைத்தால்.

லின்ஃபீல்டிலிருந்து வந்த ரமேஷ் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, தலைமகன். அப்பாவுக்கு அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். நாளைக்கே எடுக்கிறார்களாம். முடியாது, தம்பியை வைக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் என் பேனாவை எடுத்து மூடித் திறந்தார். பிறகு கேட்டார்: "சார், பதினாறாம் நாளுக்காவது கரெக்டா போய்ச் சேந்துடுவேன்ல?"

காலுறை

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வேறு மாதிரி. வெளிநாட்டில் இருப்பவன் தனியாகப் பதறுவானே என்று சாவைச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் கடுமை, கெதியா வா" என்பார்கள், நோய் முற்றிவிட்டது, சீக்கிரம் வா என்பதுபோல. நாலைந்து பேரை அனுப்பிய பிறகு எனக்கு விளங்கிவிட்டது: கடுமை என்றால் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதை உடைத்துச் சொல்ல டிக்கெட்காரனுக்கு என்ன உரிமை?

வெஸ்ட்கேட்டில் புது வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த சிவராசா, கொழும்பில் அம்மாவுக்குக் கடுமை என்று வந்தார். கையில் ஒரு பை. பேச்சோடு பேச்சாக அதைத் திறந்து காட்டினார். நான் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தேன். "நல்ல கம்பளிக் காலுறை, அண்ணை. அம்மாக்குக் கால் எப்பவும் குளிரும்."

ஏறாத பயணி

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. என் அப்பா பாரிசவாதத்தில் விழுந்து, கொழும்பு வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் படுத்திருந்தார். நானும் தலைமகன்தான். எங்கள் தொழிலில் காசு கட்டாமலே ஒரு பெயரில் சீட் பிடித்து வைக்கலாம். சில நாளில் தானாகவே ரத்தாகி விழுந்துவிடும். கொழும்புக்கு என் பெயரில் ஒன்றைப் பிடித்து, அது விழுவதற்குள் அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொன்றைப் பிடிப்பேன். இப்படி இரண்டு வருஷம், வாரா வாரம், ஒரு கிழமை விடாமல். செய்யக் கூடாத காரியம்தான்.

பக்கத்து மேசை ஜூடி வெள்ளைக்காரி, நல்ல மனுஷி. ஒருநாள் கம்ப்யூட்டரில் என் பெயரைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "உன் அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை ஏறிப் போயேன்!" அடுத்த வருஷம் என்றேன். வீட்டுக் கடன் இருந்தது, லீவு இல்லை, சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவள் தலையை ஆட்டினாள். "போகாமலே இத்தனை தடவை போன ஆளை நான் பார்த்ததில்லை."

சனிக்கிழமை சீட்

கிறிஸ்மஸுக்கு முந்திய ஒரு வியாழக்கிழமை பவானி அக்கா வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். கொழும்பில் அம்மாவுக்குக் கடுமையாம். "அம்மா உங்களோடை கதைச்சவவோ?" என்று மெல்லக் கேட்டேன். "ஓம் தம்பி, இப்ப போனிலை கதைச்சவ." அப்படியானால் உண்மையாகவே உயிர் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒரு விமானத்திலும் இடமில்லை, என் சீட்டைத் தவிர. அதை அழித்து, அது வேறு யாருக்கும் போகுமுன் அவர் பெயரில் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, அப்பாக்குக் கொஞ்சம் கடுமை. கெதியா வா." நான் என்னை அறியாமல் கேட்டேன்: "எத்தனை மணிக்கு எடுக்கிறியள்?" அவள் ஓவென்று அழுதாள். ஞாயிறு பின்னேரம் வரை எனக்காக வைத்திருப்பார்களாம். சனிக்கிழமை விமானம் ஞாயிறு காலை அங்கே இறங்கும்.

"உன் சீட்டை வாங்கினவளைக் கூப்பிடு, இன்னும் விமானம் ஏறவில்லையே" என்றாள் ஜூடி. போனை எடுத்தேன். பாதி நம்பர் அழுத்தினேன். அக்கா மேல் கோபம்கூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருடைய அம்மா கதைக்கிறார். என் அப்பா இனிக் கதைக்கப் போவதில்லை. போனை வைத்துவிட்டேன். கொள்ளியை மச்சான் வைத்தார்.

தை மாதம் அக்கா திரும்பி வந்த மறுநாளே கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா எழும்பி உட்கார்ந்து, இவர் கையால் கஞ்சி குடித்தாராம். "உங்கடை அப்பா எப்பிடி, தம்பி?" என்றார். சந்தோஷமாக வந்தவரிடம் எப்படிச் சொல்வது? "கொஞ்சம் கடுமை, அக்கா" என்றேன். அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தானே. சிரிப்பு நின்றது. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "எத்தனை மணிக்கு எடுத்தவை, தம்பி?"

ஆறு வருஷம் ஊர் முழுக்கச் சீட் பிடித்துக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை, இடமில்லை என்பதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கவில்லை.