அட்டைப்பெட்டியில் அன்புராசா

அன்புராசாவுக்குப் படம் எடுப்பது அறவே பிடிக்காது. தன்னுடைய கலியாண அல்பத்திலேயே பாதிப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவனின் முகம்தான் இப்போது நாலாயிரம் அட்டைப்பெட்டிகளில் ஏறி, அமெரிக்காவின் வேட்டைச் சாமான் கடைகளில் போய் இருக்கிறது. அதுவும் கையில் துவக்கோடு. விதி என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். ஆனால் விதி பாவம், இது முழுக்க முழுக்க முதலாளி கேட்டவுடன் 'ஓம்' என்று தலையாட்டியதால் வந்த வினை.

ஆளுக்கு வயது முப்பத்துமூன்று. சொந்த இடம் மன்னாரில் அடம்பன். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி வீடொன்றில் ஒரு அறை வாடகைக்கு. இருபது நிமிடம் நடந்தால் வேலைத்தலம். நைலோன் பட்டி தைக்கிற சின்னக் கம்பனி அது. நாய்க்குப் பட்டி, பைக்குப் பட்டி, கமராவுக்குப் பட்டி. ஆறு வருடமாக ஒரே தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறான். அதே ஆறு வருடமாக மனைவி ஷாமிலா விடத்தல்தீவில் தன் தாயோடு இருக்கிறாள். கலியாணம் முடித்துப் பத்து மாதத்தில் இவன் வெளிக்கிட்டு வந்தவன். அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்ட விண்ணப்பத்துக்குத்தான் இன்னும் முடிவு வரவில்லை. பிள்ளை பெற வேண்டிய வயது வட்ஸ்அப்பிலேயே போய்க்கொண்டிருந்தது.

கைத்துவக்கால் மான் சுடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே, போன வருடம் அந்த ஓடர் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். கனடாவில் அதற்கு அனுமதி இல்லை. எல்லைக்கு அங்கால் சில மாநிலங்களில் உண்டு. நீளத் துவக்கென்றால் தோளில் முட்டுக்கொடுக்கலாம். கைத்துவக்குக்கு முட்டு எங்கே? நீட்டிய கை ஆடும். அதற்குத்தான் இந்தப் பட்டி. கழுத்தைச் சுற்றி, ஒரு கக்கத்துக்குக் கீழால் வந்து, துவக்கின் பிடியின் அடியில் கொளுவும். கொளுவிவிட்டுத் துவக்கை முன்னுக்குத் தள்ள வேண்டும். கை தள்ளும், பட்டி இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் துவக்கு அசையாமல் நிற்கும். மானைச் சுட ஒரு துவக்கு, துவக்கு ஆடாமல் இருக்க ஒரு பட்டி, பட்டியைத் தைக்க மன்னாரில் இருந்து ஒரு ஆள். உலகம் நன்றாகத்தான் ஓடுகிறது.

முதல் தொகுதி திரும்பி வந்தது. பட்டி வழுக்குகிறது என்று முறைப்பாடு. அன்புராசா ஒரு வளையத்தை இடம் மாற்றி, குறுக்காக ஒரு தையல் கூடப் போட்டுச் சரிக்கட்டினான். முதலாளி கிரெக்குக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நல்ல மனிதன்தான், வாய்தான் ஓயாது. பட்டியை எப்படி மாட்டுவது என்று பெட்டியின் மேலே காட்ட ஒரு படம் தேவைப்பட்டபோது, "உன்னைவிட இதைத் தெரிந்தவன் யார்? நீயே நில்" என்று தோளில் தட்டினான்.

துவக்கு உண்மையானதல்ல. கறுப்புப் பெயின்ற் அடித்த மரத்துண்டு. மரத்துக்கு என்ன பயம் என்று அன்புராசா நினைத்தான். அவன் விட்ட பிழை அதுதான்.

பட்டியைக் கழுத்தில் மாட்டி, கையை நீட்டித் தள்ளினான். பட்டி இறுகியது. இறுகிய அந்தக் கணத்தில் அவனைக் கேட்காமலே இடது கால் அரை அடி முன்னுக்குப் போனது. முழங்கால் மடிந்தது. மூச்சு பாதி வெளியே போய் அப்படியே நின்றது. படம் எடுக்கிற பெண்பிள்ளை கமராவை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "நீ பிறவிச் சூரன்!" என்று கிரெக் கைதட்டினான். பதினாறு வருடமாக யாருக்கும் காட்டாத ஒன்றை உடம்பு வெளிச்சத்தில் நின்று காட்டிவிட்டது.

நடந்தது பெரிய கதையல்ல. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய் மாட்டிய குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. தண்ணீருக்கு வரிசையில் நின்றவனைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பதினாறு வயது. பன்னிரண்டு நாள் பயிற்சி. அங்கேயும் முதலில் மரத்துண்டுதான் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் முகாமுக்குள் செல் விழுந்து வெடித்தது. எல்லோரும் சிதறியபோது ஓடியவன், தாய் இருந்த பங்கர்க் குழிக்குள் போய் விழுந்தான். தாய் அவனுக்கு மேலே சாக்கைப் போட்டு, சாக்குக்கு மேலே தான் இருந்தாள். ஒருவரையும் அவன் சுட்டதில்லை. அதையும் யாரிடமும் சொன்னதில்லை, ஷாமிலாவிடம் கூட.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உறவினரின் சோபாவில் படுத்தான். அதே கட்டடத்தில் யேசுரட்ணம் அங்கிள் என்று ஒருவர், வருகிறவர்களுக்கெல்லாம் குடிவரவுப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். படை, ஆயுதக்குழு, பயிற்சி ஏதும் உண்டா என்ற கேள்வி வந்தபோது அன்புராசா வாயைத் திறந்தான்.

"அங்கிள், ஒரு பன்னெண்டு நாள்..."

"பொத்து வாயை. துவக்கு எண்ட சொல்லே உந்தப் பேப்பரில வரப்படாது. இல்லை எண்டு போட்டுட்டு அடுத்ததுக்கு வா."

'இல்லை' என்று போட்டு, கையெழுத்தும் வைத்தான்.

பெட்டிகள் அச்சாகி வந்த அன்றைக்கு, பொதி கட்டுகிற மேசையில் நிற்கும் றெமிஜியஸ் அண்ணை ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளினார். பெருமைதான் பிடித்து ஆட்டியது மனிதனை. உடனே படம் எடுத்து, 'எங்கட தம்பி மொடல் ஆகிட்டான்' என்று எழுதிக் கத்தோலிக்கக் கோயிலின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் இருநூற்றுச் சொச்சம் பேர். வாழ்த்துகள், பூங்கொத்துகள், சிரிப்புகள் வந்து குவிந்தன. நடுவில் முன்பின் தெரியாத ஒரு நம்பரில் இருந்து ஒரு வரி: 'நிக்கிற நிலையைப் பாத்தா நல்ல ரெயினிங் எடுத்த ஆள் போல இருக்கு.' கீழே ஒரு சிரிக்கிற முகம்.

அந்தச் சிரிக்கிற முகத்தை அவன் எத்தனை தரம் பார்த்தான் என்று கணக்கில்லை. பகிடியா, தெரிந்துதான் எழுதினானா? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்னால் இருந்த தலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நற்கருணை எடுக்கப் போகாமல் கடைசி வாங்கிலேயே இருந்துவிட்டான்.

கிரெக்கிடம் போய், மனைவிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேறென்ன காரணம் சொல்வது? கிரெக் விழுந்து விழுந்து சிரித்தான். கம்பனியின் இணையப் பக்கத்தில் இருந்த படத்தை அன்றே எடுத்துவிட்டான். பெட்டிகள் மட்டும் ஏற்கெனவே லொறியில் எல்லை தாண்டிவிட்டன. "கவலைப்படாதே, அங்கே மான்கள் மட்டும்தான் உன்னைப் பார்க்கும்" என்றான்.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடாது என்று அன்புராசாவுக்குத் தெரியும். அடுத்த கிழமை குடிவரவுக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறதாம். பழைய படிவத்தைப் புதிதாக நிரப்பி முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். ஆறு வருடமாகக் காத்திருந்த கடிதம். மூன்றாம் பக்கத்தில் அதே கேள்வி இருந்தது.

கெனடி வீதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் லோயர் செரீனாவின் அலுவலகம். அவளிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னான். கதவு மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். முழுவதையும் கேட்டு முடித்த செரீனா பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பதினாறு வயசுப் பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அதை அண்டைக்கே சொல்லியிருந்தா உங்களில ஆரும் பிழை பிடிச்சிருக்க மாட்டினம் தம்பி. இப்ப பிரச்சினை துவக்கில்லை. நீங்கள் போட்ட 'இல்லை'தான்."

"இப்ப என்னக்கா செய்யிறது?"

"அவங்கள் கண்டுபிடிக்க முதல் நாங்களாத் திருத்துவம். நான் கடிதம் எழுதுறன். இழுபடும். என்ன முடிவு வரும் எண்டு சத்தியமாச் சொல்லேலாது. ஆனா திரும்பவும் இல்லை எண்டு போட்டா, பேப்பர் கிடைச்சாலும் அது உங்கட கழுத்தில கிடக்கும். சிற்றிசன் ஆனாப் பிறகும், பத்து வருசம் கழிச்சும் பறிக்கலாம். உங்களோட சேத்து மனிசியின்ரையும் போகும்."

கழுத்தில் கிடக்கும் என்று அவள் சொன்னபோது, கை தானாகப் போய்க் கழுத்தைத் தடவியது. எவ்வளவு காலம் ஒருவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பது? செரீனா எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஷாமிலாவுக்குச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னான். படி இறங்கும்போது உடம்பு இலேசாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கட்டிய மனைவிக்குச் சொல்ல முதல் ஒரு லோயருக்குச் சொன்னவன் அல்லவா?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷாமிலாவுக்குப் போன் எடுத்தான். அங்கே பின்னேரம். அவள் கிணற்றடியில் நின்று கதைத்தாள். அவன் மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னான். தண்ணீர் வரிசை, பன்னிரண்டு நாள், சாக்கு, படம், கடிதம். அவள் இடைமறிக்கவே இல்லை.

"கோவமோ?" என்று கேட்டான்.

"எனக்கும் அந்தப் படிவம் வந்தது. நானும் இல்லை எண்டுதான் போட்டனான்."

"உமக்கென்ன, நீர் உண்மையைத்தானே போட்டனீர்."

"இல்லையப்பா."

அன்புராசா கட்டிலில் போய் இருந்தான்.

"ஒன்பது நாள்" என்றாள் ஷாமிலா. "எனக்குப் பதினஞ்சு வயசு. என்னையும் பிடிச்சுக்கொண்டு போய்த் தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டவை. அம்மா போய்க் காலில விழுந்து கத்தி, ஆரோ தெரிஞ்ச பொறுப்பாளர் விட்டவர். கலியாணம் பேசேக்க சொல்லுவம் எண்டுதான் நிண்டனான். அம்மா விடேல்லை. சொன்னா மாப்பிளை போயிடும் எண்டவ."

"நான் போயிருக்க மாட்டன்."

"நீங்கள் சொல்லியிருந்தா நானும் போயிருக்க மாட்டன்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினாள். "நீங்கள் அந்தக் கடிதத்தைக் குடுங்கோ. உங்கட மனம் ஆறட்டும். எனக்காகப் பாக்காதேங்கோ."

"நான் குடுத்தா ரெண்டு ஃபைலையும் இழுத்து வைச்சுக் கேப்பினம். உம்மையும் கொழும்பில கனடா எம்பசிக்குக் கூப்பிட்டுக் கேப்பினம்."

"கேட்டா நான் என்ன சொல்லுறது?"

இங்கே கேட்பவர்கள் கேள்வியோடு விடுவார்கள். அங்கே அவள் சொன்னது வெளியே கசிந்தால், வீட்டு வாசலுக்குப் புலனாய்வுக்காரர் வருவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்தால் அவனுக்கு மூச்சு வரும், அவளுக்கு நின்றுவிடும். அவன் வாயை மூடினால் இரண்டு பேரும் ஒரே கூண்டுக்குள். இதில் எதைத் தெரிவுசெய்வது என்று அவன் யோசித்த நேரம் மிகவும் கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேலைத்தலத்துக்கு வெளியே நின்று செரீனாவுக்கு எடுத்தான்.

"அக்கா, அந்தக் கடிதம் வேண்டாம். நான் சும்மா பயந்து போய் ஏதோ உளறிப்போட்டன். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

"மனிசியோட கதைச்சனீங்களோ?"

"ஓம்."

"சரி. ஏன் எண்டு நான் கேக்க மாட்டன். ஆனா நீங்கள் எனக்குச் சொன்னது சொன்னதுதான். பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு உந்தப் படிவத்தில இனி நான் நிக்கேலாது. வேற ஆளைப் பாருங்கோ தம்பி."

"பரவாயில்லை அக்கா. நானே நிரப்புவன்."

அன்று பின்னேரம் தபால் கந்தோர்க் கவுண்டரில் வைத்தே நிரப்பினான். மூன்றாம் பக்கத்தில் 'இல்லை' என்பதற்கு நேரே புள்ளடி போட்டான். முதல் 'இல்லை'க்கு யேசுரட்ணம் அங்கிளைத் திட்டித் திட்டி ஆறு வருடம் ஓட்டியாயிற்று. இதற்குத் திட்ட வேறு ஆள் கிடையாது. கையெழுத்து கோணாமல் விழுந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஷாமிலாவின் செய்தி வந்தது. அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். அவள் படுக்கவே இல்லைப் போலும்.

'படிவம் அனுப்பியாச்சோ?'

'ஓம்.'

'இனிக் கெதியா வந்திடலாம் என்ன?'

'ஓம்' என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டான். ஆறு வருடமாக அவள் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, அவள் வந்துவிடுவாளே, அந்த 'இல்லை' அவள் கழுத்திலும் கிடக்குமே என்று அன்றுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.