அத்தா அழித்த மெசேஜ்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போனை எட்டிப் பார்ப்பது என் பழக்கம். நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் எனக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். எழுத்தும் பேச்சும் எதிரில் இருப்பவர் மனசை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பாடம். கொஞ்ச காலமாக ஆராய்ச்சி போன் பக்கம் திரும்பியிருந்தது. அனுப்பிய மெசேஜை ஜனங்கள் ஏன் அழிக்கிறார்கள்? அது தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அப்போது எம்.ஏ. கடைசி வருஷத்தில் ஒரு பெண் படித்தாள். தென்னூர்க்காரி. அவளுடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், வளைகுடாவில் வேலை பார்த்தார். அவள் எழுதியதில் ஒரு சொல்லை எடுத்துவிட முடியாது. என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர அவளுக்கு ஆசை. சேர்த்துக்கொள்ள எனக்கு அதைவிட ஆசை. சேரட்டுமா என்று அத்தாவுக்கு மெசேஜ் போட்டாள்.

மறுநாள் கேன்டீனில் போனை என் முன்னால் வைத்தாள். 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று வரிசையாக வந்திருந்தது. அதற்கெல்லாம் கீழே, 'சேரும்மா. நல்லா படி.'

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் புத்தி சும்மா இருக்குமா? "அழிச்சதுல என்ன இருந்துச்சுன்னு கேளேன்" என்றேன்.

"வேணாம் மேம்."

நானே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மனிதர் நீட்டி எழுதிவிட்டு, திருப்தி இல்லாமல் வெட்டி வெட்டிக் கடைசியில் மூன்றே சொல்லில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், என்ன அருமையான உதாரணம் என்றேன். அவள் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் போயே போய்விட்டது, அவள் விண்ணப்பிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரே சேருன்னு சொல்லியாச்சு, உனக்கு என்ன வந்துச்சு?" என்று சத்தம் போட்டேன்.

"போன் கையிலேயே இருந்துச்சு மேம். அழிக்கிறதுக்குள்ள, திறக்காம, மேலே வர்ற நோட்டிஃபிகேஷன்லயே படிச்சிட்டேன். முட்டி வலி தாங்கலையாம். நீ வேலைக்குப் போனா அத்தா ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறேன்னு போட்டாங்க. அழிச்சாங்க. திரும்பத் திரும்ப அதையேதான் போட்டாங்க. நான் படிச்சது அவங்களுக்குத் தெரிய வேணாம்."

நான் சொன்ன விளக்கத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தாள். 'வேலை கிடைச்சிருச்சு, வந்துடுங்க அத்தா' என்று எழுதினாளாம். "அதுக்கு முன்னாடி ஒண்ணு அனுப்பி அழிச்சிட்டேன் மேம். 'எனக்குப் படிக்கணும்னுதான் இருக்கு'ன்னு."

"அவர் பாத்தாரா?"

"தெரியல."

பெருநாளுக்கு முன்னால் அத்தா வந்துவிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே அவளைக் கேட்டாராம்: "வேலை பாத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணலாமாமே? உங்க மேமைக் கேளேன்." போனில் இதை எனக்குச் சொன்னாள். "நான் அழிச்சதைப் பாத்தீங்களான்னு கேக்கல மேம். நீங்களும் கேட்டுடாதீங்க."

பகுதிநேர விண்ணப்பத்தைக் கொடுக்க அவரும் அவளோடு வந்தார். முட்டியைத் தடவியபடி என் எதிரில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது.

"டீ சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.