சொட்டுக்காரியின் நாலாவது தொட்டி

எங்கள் தொழிற்சாலையில் அவளுக்குச் சொட்டுக்காரி என்று பெயர். பதினோரு வருஷமாக மாடி ஆய்வகத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் வைத்தவன் நான்தான். கீழே தொட்டிப் பிரிவில் ஆபரேட்டர்.

பால் சர்க்கரையிலிருந்து, குழந்தைகளின் பால்மாவில் சேர்க்கிற குட்டிச் சங்கிலிச் சர்க்கரையைக் கோப்பது எங்கள் வேலை. கோப்பது ஒரு என்சைம். அந்தக் கழுதைக்கு நிறுத்தத் தெரியாது. மூன்று கண்ணி போதுமென்றால் பத்து கோத்துவிடும். அதன் வாயோரம் ஒட்டிக்கொண்டு நீளச் சங்கிலியை மட்டும் தடுப்பதற்கென்றே ஒரு சின்னப் புரதத்தை வடிவமைத்திருந்தார்கள். சொட்டுக்காரியின் குடுவையில் அது கனகச்சிதமாக வேலை செய்தது. என் தொட்டியில் மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் நெட்டைச் சங்கிலிதான்.

மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "மேல வந்தது நிஜ ரிசல்ட்டாம்மா, இல்ல நீயா எழுதினதா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் ரிசல்ட் எழுதினாள் என்று பேர் வாங்கிய ஆய்வகக்காரிக்கு அப்புறம் எவன் வேலை கொடுப்பான்?

"இன்னும் ஒரே ஒரு தொட்டி குடுங்க சார். வரலன்னா நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

மேனேஜர் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை அவள் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். "அண்ணே, எப்படி ஊத்துனீங்கன்னு காலி கேனை வெச்சு செஞ்சு காட்டுங்க."

"இது என்சைம்" என்று ஒன்றைக் கவிழ்த்தேன். "அடுத்தது உன் புரதம்" என்று இன்னொன்றைத் தூக்கினேன்.

"ஐயோ, தனித்தனியாவா ஊத்துனீங்க?"

"நீ எழுதிக் குடுத்த செய்முறைத் தாள்ல அப்படித்தானே இருக்கு!"

பிடுங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. ஆனால் மாடியில் அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒவ்வொரு குடுவைக்கும் இரண்டு தடவை சொட்டு விடச் சோம்பல்பட்டு, இரண்டையும் முதலில் ஒரே குழாயில் கலந்து வைப்பாள். டீ குடித்துவிட்டு வந்துதான் பிரித்து ஊற்றுவாள். அதற்குள் புரதம் என்சைமைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். கைப்பழக்கத்தையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?

"இவ்வளவு பெரிய தொட்டியில ரெண்டும் எங்கண்ணே சந்திக்கும்? கடல்ல கரைச்ச பெருங்காயம்!"

"அப்ப உன் சோம்பேறித்தனம்தான் மேல நம்மளக் காப்பாத்துச்சா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நேராக மேனேஜரிடம் போய், "தப்பு என்னோடது சார். புரதத்தோடது இல்ல" என்றாள். அந்தத் தைரியத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

நாலாவது தொட்டிக்கு, இரண்டையும் ஒரே வாளியில் கலந்து மூடிவைத்துவிட்டு டீ குடித்தோம். அரை மணி கழித்து ஊற்றினேன்.

சாயங்காலம் சோதனைக் கருவியின் திரையில் குட்டைச் சங்கிலி மலையாக எழுந்து நின்றது. நெட்டைச் சங்கிலி இருந்த இடம் தரைமட்டம்.

"தொட்டியிலேர்ந்து இன்னொரு சாம்பிள் எடுத்து நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்றாள். மேனேஜர் ஓட்டினார். அதே மலை.

"அன்னிக்கு நான் கேட்டது ரொம்பத் தப்பும்மா" என்றார். எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னார். நான் போட்ட விசில் மாடி வரை கேட்டதாம்.

இப்போது தொட்டிப் பக்கத்துச் சுவரில் தொங்கும் தாளில், அவள் கையெழுத்தில் ஒரு புது வரி இருக்கிறது: 'இரண்டையும் கலந்து அரை மணி நேரம் வைக்கவும்.' அதன் கீழே நான் கிறுக்கியது: 'டீ கட்டாயம்.' இரண்டுக்கும் சேர்த்து மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.