ஐந்தாவது தந்தியும் கிணற்றுத் தண்ணீரும்

நான் பயந்தாங்கொள்ளி. நான் சொல்லாவிட்டாலும் எங்கள் ஒழுங்கைச் சனம் சொல்லிவிடும் என்பதால் முந்திக்கொள்கிறேன். உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை, இந்தச் சின்னத் தெருவில்தான் எங்கள் வீடு. வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் அடையாள அட்டைகள், காணி உறுதி, ஒரு டோர்ச், என்னுடைய வயிற்றெரிவுக் குளிசைகள். சுனாமிக்குப் பிறகு எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தது. இப்போது என்னுடையது மட்டும்தான் மிச்சம்.

ஒழுங்கைக்கு ஒரு வழக்கமும் உண்டு. நிலம் ஆடினாலோ, ஆடியதுபோல் இருந்தாலோ, முதலில் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கியிருந்தால் பெரிய ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட மேல்மாடிக்கு ஓட வேண்டும். அது சரியோ பிழையோ தெரியாது. ஆனால் கோயில் கூட்டத்திலும் மரணவீட்டிலும் ஓதி ஓதி, அதை எல்லோருக்கும் பாடமாக்கியவன் நான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு பேஸ் கிற்றார் எதற்கு என்று கேட்கலாம். நாங்கள் நாலு பேர் கல்யாண வீடுகளில் வாசிக்கிறோம். எங்கள் பாடகருக்கு வயதாகி மேல் சுருதி ஏலாமல் போனது. அவரை மாற்ற முடியாது, ஒலிபெருக்கிகள் அவருடையவை. ஆகவே பாட்டுகளை எல்லாம் கீழே இறக்கினோம். கீழே இறக்க இறக்க என் பழைய கிற்றாரின் தந்திகள் உடுப்புக் காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து, கட்டையில் அடித்துக் கடகடவென்றன. அதனால்தான் இதை வாங்கினேன். தாழ்ந்த சுருதிக்கென்றே செய்தது. ஐந்து தந்தி. கழுத்து அவ்வளவு நீளம், முச்சக்கர வண்டியில் ஏற்றினால் தலை வெளியே நிற்கும். ஐந்தாவது தந்தி என் சுண்டுவிரலில் பாதித் தடிப்பு. அதைத் தட்டினால் காதுக்குக் கேட்க முதல் வயிற்றுக்குத் தெரியும்.

வந்த அன்றே மனைவியின் வயிற்றுக்கும் தெரிந்தது. அவளை அந்தச் சுனாமி அலை பள்ளிக்கூட மதில் வரை இழுத்துப் போய் விட்டது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. கிற்றாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது ஒருநாள் என்னைப் பயப்படுத்தினால், அடுத்த நாள் இந்த வீட்டில இராது. பகிடி இல்லை."

நான் பகிடி விடவில்லை. அன்றிலிருந்து வொலியூமை எறும்பு நடக்கிற அளவில் வைத்து, தலையணையை வீட்டில் இருந்த என் ஒலிபெருக்கியில் சாத்தி, திருடன்போல வாசித்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவள் கடைக்குப் போகிறேன் என்றாள். அடுத்த கிழமை கல்யாண வீடு ஒன்று இருந்தது. தலையணையை எடுத்தேன். வொலியூமைத் திருகினேன். ஒரு பாட்டை முழுமையாக, ஆண்பிள்ளைபோல வாசித்து முடித்து, கிற்றாரை ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் கதிரையில் சாய்த்துவிட்டு, பால் விடாத பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குப் போனேன். வொலியூமைக் குறைக்க மறந்தேன்.

வாசிக்கிற ஆட்களுக்கு இது தெரியும். திறந்து விட்ட தந்தி ஒலிபெருக்கியின் முன் நின்றால், அதன் சத்தமே அதை ஆட்டும். ஆட ஆடச் சத்தம் கூடும். எனக்கும் தெரியும். குசினியில் நின்றபோது மட்டும் தெரியவில்லை.

முதலில் தேத்தண்ணியில் வளையம் வளையமாக வந்தது. பிறகு அலுமாரிக்குள் கோப்பைகள் பேசத் தொடங்கின. தகரக் கூரை அழுதது. உள்ளங்காலால் ஏறி முழங்கால் வரை வந்தது அந்த உறுமல். கிணறு குசினிக்குப் பின்னால், எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். நான் எட்டிப் பார்க்கவில்லை. வாசலால் பாய்ந்து, "கடல் வருது, ஓடுங்கோ" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படியொரு மேல் சுருதி இருப்பது எங்கள் பாடகருக்குத் தெரிந்திருந்தால் கிற்றாரே வாங்கியிருக்கத் தேவையில்லை.

ஒழுங்கை ஓடியது. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் காக்கா, தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார். முன்வீட்டு ரீச்சர் சோறு வேகிற குக்கரோடு ஓடினா. நானும் ஓடினேன். பாதி வழியில் பையை நினைத்துத் திரும்பினேன். மனைவியை நினைத்துத் திரும்பியதாகத்தான் பிறகு சொன்னேன்.

வீட்டுக்குள் போனதும் கை பையைத் தொடவில்லை. கிற்றாரின் கழுத்தைத்தான் பிடித்தது.

பூமி நடுங்குவது நின்றது.

கையை எடுத்தேன். மெல்ல உறுமத் தொடங்கியது. திரும்பப் பிடித்தேன். நின்றது. ஒழுங்கையை ஓட வைத்தது கடல் இல்லை, இது. கடல் வந்திருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

"இஞ்சேருங்கோ," என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது. "அதை நிப்பாட்டிப்போட்டு வெளியில வாங்கோ."

கடையிலிருந்து பின்வழியாக வந்து, அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றாள். கடையில் வாங்கிய பாண் பை காலடியில் கிடந்தது.

"பயந்திட்டியோ?" என்றேன். என் கிற்றாரின் ஆயுள் அந்தப் பதிலில் இருந்தது.

"கிணத்தைப் பாத்தன். தண்ணி இருந்த இடத்தில இருக்கு. பிறகென்னத்துக்குப் பயப்பட?" அவளுடைய விரல்கள் மட்டும் கிணற்றுக் கட்டை விடவில்லை. "நீங்கள் பாத்தனீங்களோ?"

நான் குனிந்து பாண் பையை எடுத்து மண் தட்டினேன்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். விசயம் தெரிந்ததும் சிரிப்பு ஒழுங்கையின் அடிவரை போனது. ரீச்சர், "அண்ணே, சோறு அடிப்பிடிச்சிட்டுது, இரவைக்கு உங்கட வீட்டிலதான் சாப்பாடு" என்றா. காக்கா சிரிக்கவில்லை. தராசை மதிலில் வைத்தார்.

"தம்பி, சாமான் நல்ல சாமான்தான். ஒண்டு கேக்கிறன். நாளைக்கு நெசமாவே ஆடினா நாங்க என்ன நெனைப்பம்? தம்பி வாசிக்கிறார் எண்டு பாயில புரண்டு படுப்பம்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் உள்ளே போய்ப் பையிலிருந்து ஒரு குளிசை எடுத்தேன். ஒழுங்கைக்கு ஓடப் பழக்கிய நானே, ஓடாமல் இருக்கவும் பழக்கிவிட்டேன்.

அன்றே கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். "வித்துப்போடுறன்," என்றேன் மனைவியிடம். எனக்கே அதிசயமாக, பகிடியில்லாமல் சொன்னேன். மறுநாள் பின்னேரம் பெட்டி திறந்து கிடந்தது, கிற்றார் கதிரையில் இருந்தது.

"கல்யாண வீட்டுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு போகாமல் நிண்டால் மரியாதையே? வாசியுங்கோ. காக்காட்டயும் சொல்லிப்போட்டன். ஒவ்வொரு பாட்டும் முடிய, கம்பியைப் பொத்திப் பிடியுங்கோ. பிடிச்ச பிறகும் ஆடினால் அது நீங்கள் இல்லை."

"நீ எங்க போறாய்?"

"கிணத்தடிக்கு."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. பாட்டு முடிந்ததும் ஐந்து தந்தியையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் காக்காவின் தராசுத் தட்டின் சத்தமும் நிற்கும். மூச்சு விடாமல் என் உள்ளங்காலைக் கேட்பேன். அந்த இடைவெளியில் ஒவ்வொரு முறையும், பழகாமல், புதிதாகப் பயப்படுகிறேன்.

பிறகு கிணற்றடியிலிருந்து அவள் குரல் வரும்.

"ஓம், நீங்கள்தான். அடுத்ததை வாசியுங்கோ."