துண்டைப் பறித்துக்கொண்டு ஓடியவர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அம்மாயி, இதப் பாருங்க. நம்ம லயத்துச் சண்டை. நான்தான் எடுத்தேன்."

பார்த்தேன். கோயில் முன்னால் ஒருவன் இன்னொருவன் தலையைப் பிடித்துத் தரையில் மோதுகிறான். கீழே கிடப்பவன் ரத்தத்தோடு பல்லையும் துப்புகிறான். சுற்றிலும் ஊரே நிற்கிறது. எல்லார் கையிலும் போன்.

"ஏண்டா, ஒருத்தனுமா வெலக்கல?"

"வெலக்கப் போனா வீடியோ ஆடிப்போயிரும் அம்மாயி."

சரிதான். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த நியாயமெல்லாம் எங்கே புரியப்போகிறது? ஆனால் அடிக்கிறவன் தோளில் ஒரு துண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் கசிப்புச் சாராய நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், இதே லயத்து வரிசை வீட்டில் இருந்து நான் கொழுந்தெடுக்கப் போன காலத்தில், குடிகாரர்களின் துண்டைப் பறித்துக்கொண்டு ஒரு மனிதர் ஓடிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர்.

அவர் பெயரை நான் சொன்னதே இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று மாமியார் மிரட்டி வைத்திருந்தார். யாராவது கேட்டால் நெற்றியில் விரலால் நாமம் போட்டுக் காட்டுவேன். மகள் வள்ளி பிறந்ததைப் பதியப் போனபோதும் அப்படித்தான் காட்டினேன். கிளாக்கர் ஐயா பெருமாள் என்று எழுதிவிட்டார். அதைத் திருத்த நான் பட்ட பாடு தனிக் கதை. இவரோ, "பரவால்ல புள்ள, பெருமாளு ஒன்னக் கட்டியிருந்தா அவருக்குத்தான் கஷ்டம்" என்றார்.

பொண்டாட்டிதாசன் என்று லயமே கேலி பேசும். பேசினால் பேசட்டும். நான் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட்டு வைப்பார். வள்ளிக்கு எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டுவிடுவார், எனக்குக்கூட அவ்வளவு நேராக வகிடு எடுக்க வராது. யார் வீட்டில் கல்யாணமென்றாலும் பந்தலுக்கு முதல் கம்பு நடுவார். யார் செத்தாலும் குழிக்கு முதல் மண்வெட்டி போடுவார்.

சண்டை விலக்குவதில் அவர் வழி தனி. கையைப் பிடிக்க மாட்டார், நியாயம் பேச மாட்டார். அடிக்கிறவன் தோளில் கிடக்கும் துண்டை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "ஆம்பளைன்னா என்னையப் புடிடா!" என்று கத்திக்கொண்டே ஓடுவார். குடித்தவன் பொண்டாட்டியை விட்டாலும் விடுவான், துண்டை விடமாட்டான். லயத்தைச் சுற்றி, குளிக்கிற பீலித் தண்ணீரைச் சுற்றி, என் பீன்ஸ் பாத்தியை மிதித்துத் துரத்துவான். கடைசியில் யாரை அடிக்க வந்தோம் என்பதே மறந்து உட்கார்ந்து அழுவான். இவர் துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். மிதிபட்ட பீன்ஸுக்கு நான் அப்புறம் தனியாகச் சண்டை போடுவேன். அதை விலக்க ஆள் கிடையாது.

எல்லாச் சண்டையும் அப்படி முடியவில்லை. ஒரு தீபாவளிக்குப் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த முத்தையா, சொந்தத் தம்பியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினான். தேயிலைத் தூரை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி. தம்பியின் கை கிழிந்து தொங்கியது. வாசலெல்லாம் ரத்தம், பலகாரச் சட்டிக்குள்ளேயும் ரத்தம். வள்ளிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவர் சீப்பை அவள் தலையிலேயே குத்திவிட்டு ஓடினார். துண்டைப் பிடுங்கினார். சாக்கடைக் கானைத் தாண்டும்போது கால் வழுக்கியது. முத்தையா வீசிய வீச்சில் பாதிக் காது போய்விட்டது.

"ஏங்க, காது எங்கங்க?" என்று கத்தினேன்.

"கானுக்குள்ள தேடு புள்ள, எங்கயும் போயிருக்காது."

மறுநாள் முத்தையா வந்து காலில் விழுந்து அழுதான். "எந்திரிடா. பாதிதானே போச்சு. இனிமே ஒம் பேச்ச பாதி கேட்டாப் போதும்" என்றார். தம்பி பிழைத்துக்கொண்டான்.

அந்தக் காதுக்கு நான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். இன்றைக்கும் சுண்ணாம்பு வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். குளவிக் கடிக்கும் அதைத்தானே பூசுவோம்.

அது பல வருஷம் கழித்து, குளவி வந்த அன்றைக்கு, வள்ளி கல்யாணமாகி வயிறு தள்ளி நின்றாள். வேண்டாமென்றாலும் கேட்காமல் கொழுந்தெடுக்க வந்தாள். அவளுக்கு அடுத்த நெரையில் நான். இவர் கொழுந்துச் சாக்கு தூக்க வந்திருந்தார். உச்சி மரத்தில் இருந்த குளவிக் கூட்டை ஒரு பருந்து கொத்திவிட்டது. மழை இரைகிற மாதிரி ஒரு சத்தம். குளவி வந்தால் ஓடாதே, குப்புறப் படுத்து இடுப்பில் கட்டிய படங்குத் துணியை இழுத்து மூடிக்கொள் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எல்லாரும் படுத்தோம். வள்ளியால் எப்படிக் குப்புறப் படுக்க முடியும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்கு நடுவே குந்திவிட்டாள். தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கில் குளவி கறுப்பாக அப்பிவிட்டது.

"அப்பா!" என்று அலறினாள்.

அவர் வந்தார். அந்தக் கொங்காணியை, அப்பிய குளவியோடு வெடுக்கென்று உருவினார். தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, ஆளே இல்லாத கவ்வாத்து மலைப் பக்கம் ஓடினார்.

"வாங்கடா! ஆம்பளைன்னா என்னையப் புடிங்கடா!"

மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் போனது. நான் ஊர்ந்துபோய் என் படங்கால் வள்ளியை மூடினேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் உருவம் தெரியவில்லை, ஓடுகிற கறுப்புத்தான் தெரிந்தது. அப்போதுதான் வாயில் வந்தது, "ராமையா! படு!" என்று. ஊரே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். ஓடுகிற கால் ஒரு நொடி தயங்கியது. படுக்கவில்லை. படுத்தால் அதெல்லாம் திரும்பி வந்துவிடுமே.

லொறியில் ஏற்றும்போதே மூச்சு அடங்கிவிட்டது. முகம் அப்படி வீங்கி, பாதிக் காதுகூட முழுக் காதாகத் தெரிந்தது. இழவுக்கு வந்தவர்கள், "ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன், பயத்துல தான் படுக்க மறந்துட்டாரே" என்றார்கள். "மறந்தாரா? அவரு சண்டை வெலக்குனத நீங்க பாத்ததே இல்லையா?" என்று கேட்டேன். முத்தையா மட்டும் ஓவென்று அழுதான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குழிக்கு முதல் மண்வெட்டியும் அவன்தான் போட்டான்.

அடுத்த மாதம் வள்ளிக்குப் பிள்ளை பிறந்தது. வீடியோ ஆடிப்போயிரும் என்கிறானே, அவன்தான்.

முத்தையாவும் போய்ச் சேர்ந்துவிட்டான். லயத்து வாலிபர்களில் பாதிப் பேர் கொழும்பில். இருக்கிறவர்கள் தோளில் துண்டே கிடையாது. வீடியோவில் அடிக்கிறவன் எங்கேயிருந்து ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டானோ.

"இன்னொருக்காப் போடுடா" என்றேன் பேரனிடம். கிழவிக்குச் சண்டை பிடித்துவிட்டது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். போட்டான். நான் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தத் துண்டைப் பறிக்க யாராவது ஓடி வருகிறார்களா என்று.