பிலோமி ஊருக்கே சொன்ன இடம்

கல்மண்டபம் பக்கம் பிலோமியைத் தெரியாதவர்கள் கிடையாது. காசிமேட்டு மீனவர் சங்கத்து அறையில் உட்கார்ந்து, கடலுக்குப் போன போட்டுகளுக்கு வயர்லெஸ் செட்டில் காற்று நிலவரம் சொல்கிறவள் அவள்தான். என் மனைவி. முன்பெல்லாம் புயல் வருவது இரண்டு மூன்று நாளைக்கு முன்பே தெரியும். இப்போது காலையில் சாதுவாகக் கிடக்கிற கடல், மதியத்துக்குள் ஆளை முழுங்கப் பார்க்கிறது. அதனால்தான் சங்கம் இந்த வேலையையே வைத்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், கஸ்பார் என்கிற நான், கடலில் செட்டை அணைத்து வைக்கிற ஆள். எங்களில் பாதிப் பேர் செய்த திருட்டுத்தனம்தான் இது. நல்ல மீன் விழுகிற இடத்தில் நிற்கும்போதுதான் எவனாவது "எங்க கீற மாமு?" என்று கேட்பான். சொந்தக்காரனிடம் பொய் சொல்ல வாய் வராது. செட்டை அணைத்துவிட்டால் வம்பில்லை. எண்ணூர் புகைபோக்கிகள் இரண்டும் ஒன்றாகத் தெரிகிற நேரில், பதினைந்து பாகம் ஆழத்தில் ஒரு பாறை. சங்கரா மீன் அங்கே அள்ளலாம். எனக்கும் என் தம்பி சாலமனுக்கும் மட்டுமே தெரிந்த இடம். கல்யாணமான புதிதில் பிலோமியிடம் உளறிவிட்டு, மீனவர்களின் புனிதர் ராயப்பர் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒருநாள், நானும் சாலமனும் அந்தப் பாறையில் வலை போட்டிருந்தோம். காலை பத்து மணிக்குச் சங்கத்துக்குத் தகவல் வந்திருக்கிறது: காற்றழுத்தத் தாழ்வு திடீரென்று புயலாகிவிட்டது, எல்லாரும் உடனே கரை திரும்ப வேண்டும். பிலோமி செட்டில் சொல்ல, ஒவ்வொரு போட்டாகப் பதில் வந்தது. என் போட்டு மட்டும் ஊமை. ஒரு மணி நேரம் கூப்பிட்டாள். பிறகு, சத்தியமாவது ஒன்றாவது என்று, அத்தனை போட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எண்ணூர் சிம்னி ரெண்டும் ஒண்ணா தெரியற எடம், பதினஞ்சு பாகம். எங்கூட்டுக்காரரு அங்கதான் கீறாரு. கிட்ட கீறவங்க யாருனா போய்ச் சொல்லுங்கப்பா!"

இன்னொரு போட்டுக்காரரான அத்தாவுல்லா பாய் அப்போது கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார். போட்டைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

"செட்டப் போடுடா கய்தே! உம் பொண்டாட்டிக்குத் தொண்டையே பூட்சு!"

வலையை அறுத்துவிட்டு இரண்டு போட்டும் சேர்ந்தே ஓடினோம். துறைமுக வாய்க்கு வரும்போது காற்று பிடித்துக்கொண்டது. சாலமன் ஜெபமாலை சொன்னான், நான் எஞ்சினைத் திட்டினேன். எப்படியோ உள்ளே வந்து விழுந்தோம்.

கரையில் பிலோமியைப் பார்த்ததும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

"ஊருக்கே பாறையக் காட்டிக் குட்த்துட்டியேடி! நாளைக்கு பத்து போட்டு அங்க வந்து நிக்கும்!"

அவளுக்குக் குரலே எழும்பவில்லை. வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"நிக்கட்டும்யா. நீ வுயுந்தா தூக்க பத்து பேரு இருப்பாங்க."

அங்கேயே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். இந்த உயிர் அவள் போட்ட பிச்சை. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது அந்தப் பாறையில் தினமும் ஏழெட்டு போட்டு நிற்கிறது. எனக்கு மீன் பாதிதான். ஆனால் எங்கள் துறையில் ஒருவரும் செட்டை அணைப்பதில்லை. விடிந்ததும் "யாரு யாரு எங்க கீறீங்க?" என்று பிலோமி கேட்பாள். முதல் ஆளாக இடத்தைச் சொல்வது நான்தான்.